பானைக்காரரும் கிதார்க்காரரும்

எங்கள் ஊரில் ‘ஷக்தி’ என்று சொன்னால் ஏதோ ஓர் உறுமி மேள செட்டு என்றுதான் நினைப்பார்கள். அதில் தப்பும் இல்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், அதாவது எங்கள் ஊரில், மேளம் ஆரம்பிக்கும் பையன்கள் முதலில் டீசட்டைக்கு நிறம் பார்ப்பார்கள், அப்புறம் ஓர் அம்மன் பெயரைப் பிடிப்பார்கள், உறுமிக்குப் பணம் திரட்டுவது அதற்கும் பிறகு. அதனால் ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டு மேசையில் நான், “ஷக்தி 1978லேயே கலைஞ்சு போச்சு” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்தவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார்: “எந்தத் தோட்டத்து செட்டு அது? காசுல சண்டையா?”

காசும் ஒரு காரணம்தான். ஆனால் நான் சொன்ன ஷக்தி அமெரிக்காவில் கூடிய குழு. ஒரு கிதார், ஒரு வயலின், ஒரு தபேலா, ஒரு கடம் என்கிற மண்பானை. முதல் இசைத்தட்டில் மட்டும் கூடவே ஒரு மிருதங்கம். பாட்டுக்காரர் கிடையாது, மின்சாரக் கிதார் கிடையாது. மேடையில் விரிப்பைப் போட்டு, சப்பணமிட்டு உட்கார்ந்து வாசித்தார்கள். 1975க்கும் 1978க்கும் நடுவில் மூன்று இசைத்தட்டுகள். அத்தோடு சரி.

இந்தக் குழுவைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் ‘கிழக்கும் மேற்கும் சந்தித்தன’ என்று ஆரம்பிப்பார்கள். கர்நாடக சங்கீதம் கேட்பவர்களில் ஒரு சாரார் ஃப்யூஷன் என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். நான் இரண்டு கட்சியிலும் இல்லை. நான் ஷக்தியை மேளமாகத்தான் கேட்கிறேன். கோயில் வாசலில் நாலு பேர் வட்டமாக நின்று, ஒருவன் கையை ஒருவன் பார்த்து, ஒருவன் விட்ட இடத்தை இன்னொருவன் பிடித்து அடிப்பார்களே, அந்த வகை. சந்தித்த திசைகளை விட, உட்கார்ந்த தூரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தால்தான் இந்த மாதிரி வாசிக்க முடியும்.

கிதார்க்காரர் ஜான் மெக்லாக்லின். 1942இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். 1969இல் நியூயார்க் போய் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் வாசித்தார். 1971இல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்று தன் குழுவை ஆரம்பித்தார். பெயரைக் கேட்டு பஜனை கோஷ்டி என்று நினைத்துவிட வேண்டாம், காது கிழியும் மின்சார இசை அது. நல்ல பெயரும் விற்பனையும் இருந்தன. அந்த உச்சத்தில் இருந்தபோதே கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார்.

வீணை கற்றவர் வீணையை மேடைக்குக் கொண்டுவரவில்லை. கிதாரையே வீணைப் பக்கம் இழுத்தார். கிப்சன் கம்பெனியில் அவருக்கென்று ஒரு மரக் கிதார் செய்தார்கள். மெட்டுக் கம்பிகளுக்கு நடுவில் இருக்கும் மரத்தைக் குழிவாகச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அப்போது விரலால் தந்தியை ஆழமாக அழுத்தி வளைக்கலாம், சுரத்தை அசைக்கும் கமகம் வரும். அப்புறம் வழக்கமான ஆறு தந்திக்குக் கீழே குறுக்காக ஏழு அதிர்வுத் தந்திகள். அந்தக் கிதாரை எடுத்துக்கொண்டு போய், மின்சாரத்துக்குக் கைதட்டிப் பழகிய கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்தார். தைரியம்தான்.

வயலின் எல். சங்கர். இவருடைய சிறுவயது யாழ்ப்பாணத்தில் கழிந்தது. தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கே இசை சொல்லிக்கொடுத்தவர். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. அண்ணன்கள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் இருவரும் வயலின்தான். சங்கர் மேல்படிப்புக்காக அதே வெஸ்லியனில் இருந்தார். முதல் இசைத்தட்டில் மிருதங்கம் வாசித்த ராமநாதபுரம் ராகவனும் அங்கே ஆசிரியர். தபேலா ஜாகிர் உசேன், உஸ்தாத் அல்லா ரக்காவின் மகன். முதல் இசைத்தட்டு பதிவான நாளில் அவருக்கு வயது 24.

நாலாவது ஆளிடம் வந்துவிட்டோம். விக்கு விநாயக்ராம். எனக்கு ஷக்தி என்றால் இவர்தான்.

சபாக் கச்சேரியில் கடம் எங்கே இருக்கும் என்று பாருங்கள். முக்கியப் பக்கவாத்தியமான மிருதங்கத்துக்குப் பின்னால், கொஞ்சம் இருட்டில். உபபக்கவாத்தியம் என்பார்கள். தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் வாசித்ததைத் திருப்பி வாசிக்கச் சில நிமிடம் கிடைக்கும். அதற்குள் பாதி ரசிகர்கள் கேன்டீன் பக்கம் போயிருப்பார்கள். ஷக்தியில் அதே பானை முன்வரிசைக்கு வந்தது. கிதார்க்காரருக்கு இருந்த அதே விரிப்பு, அதே வெளிச்சம். இரண்டாவது இசைத்தட்டிலிருந்து மிருதங்கமும் இல்லை. தபேலாவுக்குச் சரிசமமாகப் பதில் சொல்ல வேண்டியது பானை மட்டும்தான்.

கடத்தை வாசிப்பவரின் வயிற்றைக் கவனித்திருக்கிறீர்களா? பானையின் வாயை வயிற்றோடு ஒட்டிப் பிடித்திருப்பார்கள். அதைக் கொஞ்சம் விலக்கியும் அழுத்தியும் கும்மென்ற அடிநாதத்தை ஏற்றி இறக்குவார்கள். கழுத்தில் தட்டினால் ஒரு சத்தம், இடுப்பில் ஒன்று, அடியில் வேறொன்று. விரல் நகம், மோதிரம், உள்ளங்கை எல்லாம் வேலை செய்யும். தோல் கருவி மாதிரி வாரை இழுத்துச் சுருதி சேர்க்க வழியில்லை. சூளையில் வெந்தபோது என்ன சுருதி வந்ததோ ஏறக்குறைய அதுதான் ஆயுசு முழுக்க. அதனால் வித்வான்கள் வெவ்வேறு கட்டைச் சுருதிக்கு வெவ்வேறு பானை வைத்திருப்பார்கள். மானாமதுரைப் பானை கனமானது, கணீரென்று பேசும், ஆனால் விரலை ஒரு வழி பண்ணிவிடும் என்று வாசிப்பவர்கள் சொல்வார்கள்.

ஷக்தியை நான் முதலில் யாருக்குப் போட்டுக் காட்டினேன் என்றால், எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இரண்டு வீடு தள்ளி இருக்கும் மாமாவுக்கு. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்தவர், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தப்பு என்கிற பறையை அடிப்பதில் ஒரு காலத்தில் சுத்துவட்டாரத் தோட்டங்களில் பெயர் வாங்கியவர். இரண்டாவது இசைத்தட்டை எடுத்துப் போட்டேன். ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, 1976 ஆகஸ்டில் லண்டனில் பதிவானது. அது வாத்தியத்தில் ஆரம்பிக்காது, வாயில் ஆரம்பிக்கும். ஜாகிரும் விநாயக்ராமும் சேர்ந்து சொற்கட்டு, அதாவது தாளத்தை வாயால், சொல்வார்கள்.

மாமா காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“பாட்டுக்காரன் எங்கடா?”

“பாட்டுக்காரனே கிடையாது மாமா. நாலு பேரும் வாசிப்பு மட்டும்தான்.”

“அப்ப நிம்மதி.”

அவருக்குப் பாட்டுக்காரர்கள் மேல் ஒரு பழைய கோபம். மைக் வந்ததும் அவர்கள் முன்னால் போய்விடுவார்கள், தப்பு பந்தலுக்கு வெளியே நிற்கும். அது தனிக் கதை. சொற்கட்டு முடிந்து கிதாரும் வயலினும் சேர்ந்து ஓட ஆரம்பித்தபோது அவர் முகத்தில் பெரிய மாற்றம் இல்லை. வேகமாக இருக்கிறது என்றார், அவ்வளவுதான். வலது கை மட்டும் நாற்காலிக் கைப்பிடியில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து விரலைத் தூக்கி நிறுத்தினார்.

“இந்தப் பானைக்காரன் இருக்கானே, அவன் முன்னாடி போகலடா. நடுவுல நடுவுல போய் உட்காந்துக்கிறான். தபேலா மூச்சு வாங்குற எடத்துல இவன் பேசிட்டுப் போயிடுறான். பாரு, இப்ப... இதோ.”

நான் அதற்கு முன்பு பல வருஷமாகக் கேட்டும் கவனிக்காத விஷயம். திரும்பக் கேட்டால் அப்படித்தான் இருக்கிறது. ஜாகிரின் விரல்கள் இழைத்துக்கொண்டு போகும் நடைக்கு நடுவில், இரண்டு அடிக்கு இடையே கிடைக்கும் சின்ன சந்துகளில்தான் கடம் நிற்கிறது. தபேலா வடக்கத்திப் பாடம், கடம் தெற்கத்திப் பாடம். திஹாய் என்று அவர்கள் மூன்று முறை சொல்லி முடிப்பதும், நம் தாள முடிப்பான கோர்வை வந்து விழுவதும் தாளம் தொடங்கும் ஒரே சமத்தில் போய்ச் சேர வேண்டும். ஐந்தைத் தகதகிட என்றும் ஏழைத் தகிட தகதிமி என்றும் பிரித்துப் போட்டு இரண்டு பேரும் வேறு வேறு பாதையில் போய் ஒரே படியில் காலை வைப்பார்கள். இதை ஏட்டில் எழுதி வைத்து வாசிக்க முடியாது. எதிராளியின் தோள் எப்போது இறங்குகிறது என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

சொற்கட்டைப் பற்றி மாமா சொன்னது இன்னும் நேரடியானது. அவருக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் முதலில் தப்பைக் கையில் தரவே மாட்டாராம். ஜங்குடு ஜக்குஜக்கு என்று வாயில் சொல்லிக் காட்ட வேண்டும், நடந்துகொண்டே சொல்ல வேண்டும், மரத்துக்கு மரம் நடக்கும்போது சொல்ல வேண்டும். வாய் தடுமாறினால் அன்றைக்குத் தப்பு கிடையாது. சங்கீத வித்வான்கள் கொன்னக்கோல் என்று பாடமாகப் படிப்பதை இவர்கள் பால் வாளியோடு படித்திருக்கிறார்கள்.

அந்த வாளிக்கு இப்போது வர வேண்டும்.

மாமாவின் கூட்டாளிகள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், இருந்தபோது ஒரு குழு வைத்திருந்தார்கள். பெயரெல்லாம் கிடையாது. இரண்டு தப்பு, ஓர் உறுமி, ஒரு புல்லாங்குழல். முதலில் பாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் பாட்டு நின்றது, மெட்டு குழலுக்குப் போனது. காவடிச் சிந்து, கும்மி, ஒப்பாரி எல்லாம் குழலில். சாவு வீட்டு மெட்டைத் திருவிழாவில் வாசிக்கிறார்களே என்று பெரியவர்கள் கோபப்பட்டார்களாம். வார்த்தை இல்லாததால் பாதிப் பேருக்கு அது ஒப்பாரி என்றே தெரியவில்லை என்றும் மாமா சொன்னார், சிரித்துக்கொண்டே.

ஐந்தாவது ஆள்தான் வாளிக்காரர். ஆண்டிறுதி மழையில் தப்பு தொய்ந்துவிடும். எங்கள் பேரா மாநிலத்தில் அந்த மாதங்களில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. காய்ந்த தென்னை மட்டையைக் கொளுத்தி, தோலை நெருப்பில் காட்டிக் காட்டி முறுக்கேற்ற வேண்டும். இரண்டு தப்பும் நெருப்போரம் போய்விட்டால் உறுமி தனியாக முனகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தை நிரப்பத்தான் ஒருவர் பால் எடுக்கும் தகர வாளியைக் கவிழ்த்து மடியில் வைத்துத் தட்ட ஆரம்பித்தார். அடிப்பக்கம் உள்ளங்கையால் அடித்தால் தும், விளிம்பில் மோதிரத்தால் தட்டினால் டிங். வாளிக்கு மழையும் கிடையாது நெருப்பும் கிடையாது. தப்பு சூடேறித் திரும்பி வந்த பிறகும் அவரை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

ஷக்தியின் கடத்தைக் கேட்டு மாமாவுக்கு உடனே பிடிபட்டதற்கு இதுதான் காரணம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சுங்கை சிப்புட் என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். 1948 ஜூன் 16ஆம் தேதி பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்ததும் ஒன்று. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர் என்பதும், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் சேர்த்து 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார் என்பதும் இன்னொன்று. இவை புத்தகத்தில் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். எந்த லயத்தில் யார் என்ன வாசித்தார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

மாமாவின் குழு சண்டை போட்டுக் கலையவில்லை. ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், ஆள்தேவை குறைந்தது, லயம் காலியானது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் வேறு வேறு தாமானுக்குப் போனார்கள். குழல்காரர் சிங்கப்பூர், வாளிக்காரர் ஜொகூர். லயத்தில் சாயங்காலம் ஒரு தப்பு கேட்டால் மற்றவர்கள் தானாக வந்துவிடுவார்கள். வரிசை வீட்டில் தப்பெடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர்தான் வருவார், சத்தத்தைக் குறைக்கச் சொல்லி.

ஷக்தி கலைந்த கதையும் ஏறக்குறைய இப்படித்தான் எனக்குப் படுகிறது. இசைத்தட்டுகளை வெளியிட்ட கொலம்பியா நிறுவனம் மெக்லாக்லினை மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் கிதார்க்காரராகத்தான் பார்த்தது. அந்த அளவுக்கு ஷக்தியின் இசைத்தட்டுகள் விற்கவில்லை. 1978இல் அவர் மறுபடி மின்சாரக் கிதாரை எடுத்தார். அந்த வருஷம் வந்த இசைத்தட்டின் தலைப்பிலேயே எலெக்ட்ரிக் கிதாரிஸ்ட் என்று போட்டுக்கொண்டார், யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்பது மாதிரி. சங்கர் பத்துத் தந்தி இரட்டை வயலின் ஒன்றை உருவாக்கிக்கொண்டு தன் வழியில் போனார். நாலு பேரும் நாலு ஊர்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. 1975 ஜூலை 5ஆம் தேதி லாங் ஐலந்தில் சௌதாம்ப்டன் கல்லூரியில் அவர்கள் வாசித்தபோது பதிவு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் இசைத்தட்டே அந்த நேரடிக் கச்சேரிதான், 1976இல் வெளிவந்தது. முதல் உருப்படி பதினெட்டு நிமிடம், கடைசி உருப்படி கிட்டத்தட்ட அரை மணி நேரம். ஸ்டூடியோவில் யாரும் இப்படி விட்டிருக்க மாட்டார்கள். கூட்டத்தின் ஆரவாரம் கேட்கிறது. மெக்லாக்லினுக்கு வேகம் ஒரு வியாதி, அதில் கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது. இருந்தாலும் அவசரத்தில் கூட ஒருவர் இன்னொருவரை விட்டுவிட்டு ஓடுவதில்லை.

மூன்றாவது இசைத்தட்டு ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ 1977இல் வந்தது. உருப்படிகள் சின்னதாகிவிட்டன. ஜாகிர் டோலக், போங்கோ என்று பலதும் தட்டுகிறார். கேட்க இனிமை, குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் எனக்கு அது காரில் போடும் இசையாகிவிட்டது. மாமாவுக்கும் அதேதான். பாதியில் எழுந்து செடிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். புதிதாகக் கேட்பவர்கள் இரண்டாவதில் ஆரம்பியுங்கள், பிறகு முதலாவதற்குப் போங்கள்.

1997இல் வயலின் சங்கர் இல்லாமல் ‘ரிமெம்பர் ஷக்தி’ என்று திரும்பக் கூடினார்கள். பிறகு மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் வந்தார், விநாயக்ராமின் இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு உட்கார்ந்தார், சங்கர் மகாதேவன் வந்ததும் பாட்டும் சேர்ந்தது. 2014இல் ஸ்ரீனிவாஸ் இளம் வயதிலேயே போய்விட்டார். 2023இல் வந்த புது இசைத்தட்டுக்கு 2024 பிப்ரவரியில் கிராமி கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஜாகிர் உசேன் காலமானார். பிற்காலக் குழுவை நான் மதிக்கிறேன், ஸ்ரீனிவாஸுக்காகவே பல தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் பாட்டு வந்தவுடன் காது பாட்டின் பின்னால் போய்விடுகிறது. பானைக்காரர் நடுவில் போய் உட்காருவதை அப்புறம் யார் கவனிப்பது?

மாமாவின் குழுவுக்கும் ஒரு கேசட் இருக்கிறது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் கமிட்டிக்காரர் ஒருவர் பதிவு செய்தது. அவர் டேப் ரெக்கார்டரை ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் வைத்துவிட்டார். அதனால் கேசட் முழுக்க அப்போதைய பக்திப் பாட்டுதான் கேட்கிறது. பாட்டு மாற்றும் இடைவெளியில் சில விநாடி தப்பு, சில விநாடி குழல். ஓர் இடத்தில் மட்டும் ஊசி ஏதோ மாட்டிக்கொண்டு ஒலிபெருக்கி நின்றிருக்க வேண்டும், கொஞ்சம் நீளமாக ஐந்து பேரும் கேட்கிறார்கள். அதில் வாளி தெளிவாக இருக்கிறது. தும், தும், டிங். தப்பு இரண்டும் நெருக்கிப் பிடித்து வரும்போது வாளி அடங்கி, அவை மூச்சு விடும் இடத்தில் மட்டும் பேசுகிறது.

ஈப்போவில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அதைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தார். பக்திப் பாட்டைப் பிரித்தெடுக்க முடியுமா என்று கேட்டதற்குக் கையை விரித்துவிட்டார். “ஆளுங்க உசுரோட இருந்தா திரும்ப வாசிக்கச் சொல்லி எடுங்க” என்றார். உறுமிக்காரர் இல்லை, இறந்துவிட்டார். மற்ற நாலு பேரும் இருக்கிறார்கள். உறுமிக்கு எங்கள் தாமான் பையன் ஒருவனைக் கேட்டிருக்கிறோம். அவனிடம் இருப்பது பிளாஸ்டிக் தோல் உறுமி. மழைக்குத் தொய்யாது என்று அவன் பெருமையாகச் சொன்னதை மாமா காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

ஜொகூர் வாளிக்காரரிடம் போனில் பேசியாயிற்று. தீபாவளிக்கு வருகிறேன், ஆனால் வாளி நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றார். இங்கே கடைகளில் கிடைப்பதெல்லாம் பிளாஸ்டிக். பழைய தகர வாளி யார் வீட்டிலாவது கிடந்தால், அடி ஓட்டையில்லாமல் இருந்தால், சொல்லுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.